பனி தள்ளத் தெரியாத ஏசி மிஸ்திரி

எங்கள் அலுவலகத்தில் மாதம் ஒருமுறை யாரையாவது பிடித்துவந்து பேசவைப்பார்கள். நாள் முழுக்க பொட்டி தட்டும் கூட்டத்துக்கு ஊக்கம் ஊட்டுகிறார்களாம். போனமுறை வந்தவர் ஒரு தொழில் ஆலோசகர். கோட்டு, சூட்டு, காதோரம் மைக், சகிதம் மேடையில் நடந்துகொண்டே அவர் சொன்ன கதை இது. அமெரிக்காவில் புல்வெளி வெட்டித்தரும் சிறுதொழில்காரன் ஒருவன். குளிர்காலத்தில் புல் வளராது. அதற்காக அவன் மூலையில் உட்கார்ந்து அழுவதில்லை. அதே பிக்கப் வண்டியின் மூக்கில் ஒரு பெரிய இரும்புத் தகட்டை மாட்டிக்கொண்டு பனி தள்ளக் கிளம்பிவிடுகிறான். பன்னிரண்டு மாசமும் வருமானம்! "நம்ம டெல்லி ஏசி மெக்கானிக்கைப் பாருங்கள். அக்டோபர் வந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு பீகாருக்கு ரயில் ஏறிவிடுகிறான். எல்லாம் மைண்ட்செட்!" அரங்கம் கைதட்டியது.

எனக்கு அந்த மைண்ட்செட் என்ற சொல்லைக் கேட்டாலே கொஞ்சம் பற்றிக்கொண்டு வரும். அடுத்தவன் பணக்கஷ்டத்தை அவன் மண்டைக்குள் இருக்கும் கோளாறாக மாற்றிவிட்டால், நாம் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விடலாம் அல்லவா. அன்றைக்கு அப்படித்தான் எல்லோரும் சாப்பிடப் போனோம். மெனுவில் கேரட் அல்வா.

ஊரில் இருக்கும் மக்களுக்கு ஒரு விளக்கம். சென்னையிலும் மதுரையிலும் ஏசிக்குக் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஐப்பசி அடைமழையில் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். டெல்லி அப்படி இல்லை. மே, ஜூனில் 45 டிகிரி, வாசலைத் திறந்தால் அடுப்பு ஊதுகிற மாதிரி லூ காற்று. ஜனவரியில் அதே ஊரில் 4 டிகிரி, மூடுபனி, எதிர்வீடு தெரியாது. தீபாவளியோடு அணைத்த ஏசியைத் திரும்பப் போடுவது ஹோலி முடிந்துதான். நடுவில் நாலரை, ஐந்து மாதம் ஏசி மிஸ்திரியின் போன் அடிக்காது. ஏப்ரலில் நாம் பத்துத் தடவை கூப்பிட்டும் எடுக்காத அதே போன்.

சரி, அமெரிக்கக் கதைக்கு வருவோம். கதை உண்மைதான். பஃபலோ, பாஸ்டன், மினியாபொலிஸ் மாதிரி ஊர்களில் புல்வெளிக்காரர்களும் தோட்டக்காரர்களும் பனி தள்ளும் வேலையைச் சேர்த்துச் செய்கிறார்கள். ஆனால் ஆலோசகர் இரும்புத் தகட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டார். அந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்துவது தகடு இல்லை. காகிதம்.

பனி தள்ள மூன்று விதமாகக் காசு வாங்குகிறார்கள். ஒன்று, வந்து தள்ளிய ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு. இன்னொன்று, விழுந்த பனியின் உயரத்தைப் பொறுத்து, அங்குலக் கணக்கில். மூன்றாவது, பனி விழுந்தாலும் விழாவிட்டாலும் சீசன் முழுவதற்கும் ஒரே தொகை. இந்தக் கடைசி ரக ஒப்பந்தம் இலையுதிர்காலத்திலேயே, வானத்திலிருந்து ஒரு பொட்டுப் பனி இறங்குவதற்கு முன்னாலேயே கையெழுத்தாகிவிடும். தொகையை மாதத் தவணையாகக் கொடுப்பார்கள். எத்தனை அங்குலம் விழுந்தால் வண்டி கிளம்பவேண்டும் (பெரும்பாலும் இரண்டு அங்குலம்), காலை எத்தனை மணிக்குள் கார் நிறுத்துமிடம் சுத்தமாக வேண்டும், உப்பு தூவுவது தனிக் கணக்கா சேர்த்தா, எல்லாம் அதில் இருக்கும். அந்த ஒப்பந்தத்தை வைத்துத்தான் அவன் தகடு வாங்கக் கடன் கேட்க முடியும். தகடு ஒன்றும் தள்ளுவண்டிச் சாமான் இல்லை, சில ஆயிரம் டாலர்.

2014-15 குளிர்காலத்தில் பாஸ்டனில் 110.6 அங்குலம் பனி விழுந்தது. அந்த ஊரின் பதிவிலேயே அதுதான் உச்சம். சீசனுக்கு ஒரே தொகை பேசியிருந்தவனுக்கு அந்த வருஷம் முதுகு ஒடிந்திருக்கும். அதற்கு நேர் எதிராக 2023-24. அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டுப் பார்த்தால், அமெரிக்காவில் பதிவான வரலாற்றிலேயே வெப்பமான குளிர்காலம் அது. தடவைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தவன் தகட்டைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்க வேண்டியதுதான். சீசன் தொகை பேசியிருந்தவனுக்கோ வண்டி நகராமலே தவணை வந்தது. விவரமான ஆட்கள் இரண்டையும் கலந்து வைத்துக்கொள்கிறார்கள். ஆக வானம் காலை வாரினால் அடி யாருக்கு என்பதைக் கொடுப்பவனும் வாங்குபவனும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். தொழில் என்பதே இந்தப் பேச்சுதான். மேடையில் அது வரவில்லை.

இன்னொன்று, அந்த வேலைக்குத் தேவையைச் சட்டமே உண்டாக்கித் தருகிறது. பாஸ்டனில் பனி நின்ற மூன்று மணி நேரத்துக்குள் உன் கட்டடத்தின் முன் நடைபாதையைச் சுத்தம் செய்யவேண்டும், இல்லையென்றால் அபராதம். இரவில் பெய்து நின்றால் சூரிய உதயத்திலிருந்து மூன்று மணி நேரம். பிறகு ஏன் ஆள் வைக்க மாட்டான்? யாராவது வழுக்கி விழுந்தால் வழக்கு. அந்த வழக்கைப் பனி தள்ளியவன் தலையில் கட்டுவதற்காக ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வைப்பார்கள். இது அநியாயமாகப் போய், இல்லினாய், கொலராடோ மாதிரி மாநிலங்கள் அப்படி மொத்தப் பழியையும் ஒப்பந்தக்காரன்மேல் தள்ளக்கூடாது என்று சட்டமே போட்டன. ஒரு சிறுதொழிலின் குளிர்கால வருமானத்துக்குப் பின்னால் நகராட்சி, காப்பீடு, வங்கி, சட்டமன்றம் என்று இத்தனை பேர் நிற்கிறார்கள். ஆலோசகர் கண்ணில் பட்டது ஒருத்தனுடைய மைண்ட்செட் மட்டும்.

அந்தக் கதையிலிருந்து வெட்டப்பட்ட ஆள் இன்னொருவர் உண்டு. புல்வெட்டும் எந்திரத்தை உண்மையிலேயே தள்ளிக்கொண்டு போகிற ஆள். விவசாயம் அல்லாத பருவவேலைக்கு வெளியாட்களை வரவழைக்க அமெரிக்காவில் எச்-2பி என்று ஒரு விசா. சட்டப்படியான அடிப்படை எண்ணிக்கை ஆண்டுக்கு 66,000. (சமீப வருஷங்களில் மேலும் கூட்டிக் கொடுத்தார்கள்.) அதை மிக அதிகமாகப் பயன்படுத்துவது தோட்ட, புல்வெளித் தொழில்தான். வருபவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோக்காரர்கள். வசந்தத்தில் வருவார்கள், குளிர் தொடங்கும்போது ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். தகடு மாட்டிய முதலாளிக்குப் பன்னிரண்டு மாதமும் ஓடுகிறது, சரி. அந்த மெக்சிகோக்காரருக்கு? எங்கள் ஏசி மிஸ்திரி ஏறுகிற மாதிரி அவரும் ஒரு பஸ் ஏறுகிறார். இவருக்கு பீகார், அவருக்கு எல்லைக்குத் தெற்கே ஏதோ ஒரு கிராமம். மைண்ட்செட் ஒப்பீடு செய்வதென்றால் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியல்லவா செய்யவேண்டும்?

நிற்க. இரண்டாம் சீசன் என்பது இந்தியர்களுக்குத் தெரியாத வித்தையும் இல்லை. டெல்லியில் கோடையில் ஐஸ்கிரீம், ஷர்பத் விற்ற வண்டி டிசம்பரில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேர்க்கடலையும் கஜக்கும் விற்கும். வண்டி அதே, நிற்கும் மூலை அதே. இதைவிடப் பெரிய உதாரணம் திபெத்தியர்கள். கர்நாடகத்தில் பைலகுப்பே, முண்ட்கோடு குடியிருப்புகளில் 1960களிலிருந்து இருப்பவர்கள். மழைக்காலத்தில் மக்காச்சோளம் போடுவார்கள். அறுவடை முடிந்து குளிர் வந்ததும் குடும்பம் குடும்பமாக இந்திய நகரங்களுக்குக் கிளம்பி ஸ்வெட்டர் விற்பார்கள். நம்ம ஊர்ப் பக்கம்கூட மார்கழியில் அந்தக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். (மார்கழிக்கு ஸ்வெட்டர் வாங்கும் நம் கோயம்புத்தூர் மக்களின் குளிர் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, தங்கமணி கோயம்புத்தூர்.)

அந்த ஸ்வெட்டர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் லூதியானா. அங்கத்திய மொத்த வியாபாரிகள் சரக்கைக் கடனுக்குக் கொடுப்பார்கள். சீசன் முடிந்து விற்ற பணத்தில் கணக்குத் தீர்ப்பார்கள். தலைமுறைகளாக நடக்கும் கொடுக்கல் வாங்கல், பெரும்பாலும் நம்பிக்கைமேல். பாஸ்டனில் காகிதம் செய்ததை லூதியானாவில் பற்றுவரவு நோட்டு செய்கிறது. இரண்டு இடத்திலும் பணமுள்ள யாரோ ஒருவர் சீசனுக்கு முன்னாலேயே, என்ன ஆகுமோ தெரியாது, இந்தா பிடி, என்று ஒரு அடி எடுத்து வைத்திருக்கிறார். அது நடந்தபிறகுதான் சின்ன ஆள் கிளம்புகிறான்.

எங்கள் மிஸ்திரிக்கு அப்படி அடி எடுத்து வைத்தவர் யார்? ஒருவரும் இல்லை.

மதுபனி மாவட்டத்துக்காரர். எங்கள் குடியிருப்புக்கு எதிரே ஒரு கடைத்துண்டு, அதில் சிலிண்டர்களும் செப்புக் குழாய்ச் சுருளும். நவம்பரில் ஏன் கிளம்புகிறீர்கள் பையா என்று ஒருமுறை கேட்டேன். "சர்ஜி, சர்தி மே கௌன் பூச்தா ஹை?" என்றார். குளிரில் எங்களை யார் சீந்துகிறார்கள் என்று. கடை வாடகை ஒரு பக்கம், அறை வாடகை ஒரு பக்கம், இங்கே சும்மா இருப்பதைவிட ஊரில் சும்மா இருந்தால் செலவு குறைவு. இதில் மண்டைக் கோளாறு எங்கே இருக்கிறது? பொட்டி தட்டும் நான் இதைவிடச் சரியாகக் கணக்குப் போட்டிருப்பேனா, சந்தேகம்.

கீசர் வேலை பார்க்கலாமே என்பார்கள். பார்க்கிறார்கள். ஆனால் கீசர் கெட்டால்தான் ஆள் தேடுவோம். இங்கத்திய உப்புத் தண்ணீரில் உள்ளே சுண்ணாம்பு படிந்து ஹீட்டர் கம்பி வெந்துபோகும்வரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. வீட்டுக்கு நான்கு வருஷத்தில் ஒரு தடவை வருகிற வேலை, அதற்கு ஏற்கனவே பிளம்பரும் எலக்ட்ரீசியனும் போட்டி. கேஸ் கீசர் இன்னும் மோசம். காற்றுப் போக வழியில்லாத குளியலறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து ஆள் சாகும் செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்தியப் பத்திரிகையில் வருகிறது. பயிற்சி இல்லாத ஒருவரைப் பிடித்து "மைண்ட்செட் மாற்று, இதையும் சேர்த்துச் செய்" என்று அனுப்பினால் அது தொழில் விரிவாக்கம் ஆகாது. அடுத்த செய்திக்கு ஏற்பாடு.

அவருக்கு வேறு வேலை தேட வேண்டியதே இல்லை என்பது என் கட்சி. ஏசி வேலையே குளிர்காலத்துக்குப் போதுமான அளவு இருக்கிறது. அதை நாம்தான் ஏப்ரலில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். 200 வீடுள்ள குடியிருப்பு, வீட்டுக்கு இரண்டு ஏசி என்றால் 400. இரண்டு பேர் கொண்ட ஒரு குழு நாளைக்கு ஆறு ஏசி நிதானமாகச் செய்தால் 67 நாள் வேலை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தாராளமாகப் போகும். ஒன்றுக்கு 500 ரூபாய் என்று வைத்தாலும் 2 லட்சம். இரண்டு பேர், நான்கு மாதம், ஆளுக்கு மாதம் 25,000. செலவு போகவேண்டும்தான், ஆனால் ரயில் ஏறவேண்டாம். இது ஒரே ஒரு குடியிருப்பு.

குளிரில் ஏசியைத் திறந்து என்ன பார்க்க முடியும் என்று ஒருவர் கேட்பார், நியாயமான கேள்வி. 10 டிகிரியில் கேஸ் அழுத்தத்தை மீட்டரில் பார்த்து, குறைவா சரியா என்று சொல்வது தப்பாகப் போகும். அதை வெயில் வந்தபிறகுதான் பார்க்கவேண்டும். ஆனால் மற்றதெல்லாம் செய்யலாம். உள்பெட்டி, வெளிப்பெட்டிச் சுருள்களைத் தண்ணீர் பீச்சிக் கழுவுவது, தண்ணீர் வடிகுழாய், கெபாசிட்டர், வயர் முனைகள், எர்த்திங். கசிவு சந்தேகம் இருந்தால் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது. முக்கியமாக வெளிப்பெட்டி உட்கார்ந்திருக்கும் இரும்புச் சட்டம். 2024 ஆகஸ்டில் கரோல் பாக் பகுதியில் மேல்மாடியிலிருந்து ஏசி வெளிப்பெட்டி விழுந்து கீழே ஸ்கூட்டரில் இருந்த 18 வயதுப் பையன் செத்துப்போனான். எட்டாவது மாடிச் சட்டத்தின் துருவை, 44 டிகிரியில், அன்றைக்குப் பதினோராவது வீடாக, இடுப்பில் கயிறுகூட இல்லாமல் எட்டிப் பார்க்கும் ஆள் ஒழுங்காகப் பார்ப்பாரா? ஜனவரி மதியத்தில் பார்ப்பார்.

வேலையும் முன்மாதிரி இல்லை. பழைய ஆர்-22 வாயுவை இந்தியா 2030க்குள் படிப்படியாக விலக்குகிறது. இப்போது வரும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32, லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது. ஆர்-290 என்பது சாட்சாத் புரொப்பேன். எடை போட்டு ஏற்றவேண்டும், வேக்குவம் பம்ப் ஓட்டவேண்டும், அந்தக்காலக் கைவாகு போதாது. 2019 மார்ச்சில் வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டத்தில் மத்திய அரசு 2022-23க்குள் ஒரு லட்சம் தொழில்நுட்பர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று இலக்கு வைத்தது. நல்ல இலக்கு. இந்தப் பயிற்சிக்கு அவர் எப்போது போவார்? மே மாதம் போகமுடியாது, சோறு போடும் மாதம். ஜனவரியில் போகலாம், ஆனால் ஜனவரியில் அவர் மதுபனியில் இருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் சிலர் திரும்பி வருவதுமில்லை. பைக் இருந்தால் டெலிவரி வேலை கிடைக்கிறது, அதற்கு சீசன் இல்லை. பத்து வருஷக் கைத்தொழில் பிரியாணிப் பொட்டலம் சுமக்கப் போய்விடுகிறது. அப்புறம் ஏப்ரலில் உங்கள் வீட்டுக்கு வருபவன் மூன்று மாதத்துக்கு முன் ஸ்பானர் பிடித்த பையன். "நல்ல மெக்கானிக்கே கிடைக்கிறதில்லப்பா" என்று லிஃப்டில் நாம் புலம்புவோம்.

கோடையாவது கைகொடுக்கும் என்றால் அதுவும் நிச்சயமில்லை. 2024 மே, ஜூனில் டெல்லி வாரக்கணக்கில் வெந்தது. அடுத்த வருஷமே, 2025 மே, டெல்லியில் பதிவான வரலாற்றிலேயே மழை மிகுந்த மே மாதம். ஏழு மாதச் சம்பாத்தியத்தில் பன்னிரண்டு மாதம் ஓட்டுகிறவனுக்கு அந்த ஏழிலும் ஒன்று மழையில் போனால் என்ன மிச்சம்?

இதையெல்லாம் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் சொன்னேன். லிஃப்டுக்கு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறோம், லிஃப்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பணம் போகிறது. ஜெனரேட்டருக்கு உண்டு. தண்ணீர் சுத்திகரிப்புக்கு உண்டு. கம்பெனி பெயர் அச்சடித்த காகிதத்தில் வந்தால் முன்பணம் கொடுப்பது நமக்குச் சாதாரணம். எதிர்க்கடை ஆளிடம் மட்டும் வேலை முடிந்தபிறகு, அதுவும் "இப்ப சீசன் இல்லையே, நூறு குறைச்சுக்கோ" என்று பேரம். பொருளாளர் கேட்டார், பணத்தை வாங்கிக்கொண்டு அவன் ஊருக்கு ஓடிவிட்டால்? லிஃப்ட் கம்பெனி ஒரு வாரம் ஆள் அனுப்பாமல் இருந்தபோது இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவில்லை என்பதைப் பணிவோடு நினைவூட்டினேன். பணிவு கொஞ்சம் குறைந்திருக்கலாம் :-)

நான் எழுதிக் கொடுத்திருப்பது ஒன்றரைப் பக்கம். தீபாவளிக்கு முன் கையெழுத்து. விருப்பமுள்ள வீடுகள் மட்டும் சேரலாம், ஐம்பது வீடு சேர்ந்தாலே தொடங்கலாம். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் ஒரு முழு சர்வீஸ், சட்டப் பரிசோதனையோடு. ஏப்ரலில் கேஸ் அழுத்தம் பார்க்க ஒரு வருகை. மேலே ஏறும்போது இடுப்புப் பட்டை கட்டாயம், அதைச் சங்கம் வாங்கித் தரும். ஜனவரியில் அவர் பத்து நாள் பயிற்சிக்குப் போனால் தவணையில் பிடித்தம் இல்லை. இதில் பெரும்பாலானவற்றுக்கு இப்போது தலையாட்டிவிட்டார்கள். முன்பணம் எவ்வளவு என்பதில்தான் சண்டை. பொருளாளர் பத்து சதவீதத்தில் நிற்கிறார், நான் முப்பதில் நிற்கிறேன். மிஸ்திரியிடம் கேட்டோம். முதல் மாதக் கடை வாடகை வந்தால் போதும் சர்ஜி, நான் டிக்கெட்டை ரத்து பண்ணிவிடுகிறேன் என்றார்.